அரசு மருத்துவமனை மருந்தாளுநர்களின் பணிச்சோர்வு: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகை மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் மருந்தாளுநராகவும், அவற்றில் கடைசி ஆறு ஆண்டுகள் தலைமை மருந்தாளுநராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் இளைய மருந்தாளுநர்கள் மாலை வேளைகளில் அழைத்துப் பேசுகிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் சில மருத்துவ அலுவலர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, நான் கண்டதையும் கற்றதையும் வைத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

பணிச்சோர்வு என்பது என்ன? நாள் முழுவதும் நின்றால் வரும் களைப்புதானே?

களைப்பு தூங்கி எழுந்தால் தீரும்; ஞாயிற்றுக்கிழமை தீர்த்துவிடும். பணிச்சோர்வு ஞாயிறு மாலையிலேயே, மறுநாள் மருந்து வழங்கும் சன்னலைத் திறக்க வேண்டுமே என்ற நினைப்போடு தொடங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதற்கு இடம் உண்டு. ஆனால் அங்கே இது ஒரு நோயாகச் சேர்க்கப்படவில்லை. சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணியழுத்தத்தால் விளையும், பணியோடு மட்டும் தொடர்புடைய ஒரு நிலையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்போ அவநம்பிக்கையோ கொள்ளுதல், தன்னால் உருப்படியாக எதையும் செய்ய முடியவில்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள்.

இதைக் குறிக்கும் 'பர்ன்அவுட்' என்ற ஆங்கிலச் சொல்லை 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் பயன்படுத்தியபோது, அவர் கண்முன் இருந்தவர்கள் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் உழைத்த தொண்டர்கள். காசு வாங்காமல் மருந்து கொடுக்கும் இடத்தில், மனமுவந்து வந்தவர்களே வாடிப்போனதைத்தான் அவர் கவனித்தார். நமது சன்னல்களும் இலவச மருந்து தரும் சன்னல்களே என்பதால் இந்தச் செய்தி எனக்கு எப்போதும் நெருக்கமாகப் படுகிறது. நம் ஊர் மருந்தாளுநர்கள் யாரும் 'பர்ன்அவுட்' என்று சொல்வதில்லை. 'மனசு விட்டுப்போச்சு அண்ணே' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லே எனக்குப் போதுமானது.

சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுப்பதில் அப்படி என்ன சோர்வு வந்துவிடும்?

இதைப் பொதுமக்களும் கேட்பார்கள். சில மருத்துவர்களும் கேட்பார்கள். ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு வட்ட மருத்துவமனையில் இரண்டு சன்னல்கள் இருக்கின்றன என்றும், காலை எட்டு மணி முதல் பன்னிரண்டரை வரை 600 சீட்டுகள் வருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சன்னலுக்கு 300 சீட்டுகள். நாலரை மணி நேரம் என்பது 270 நிமிடம். இடையில் எழுந்திருக்காமல், தண்ணீர் குடிக்காமல் நின்றால்கூட ஒரு சீட்டுக்கு 54 விநாடிதான் கிடைக்கும். சீட்டில் நான்கு மருந்துகள் இருந்தால் ஒரு மருந்துக்குப் பதின்மூன்று விநாடி. அந்தப் பதின்மூன்று விநாடிக்குள் கையெழுத்தைப் படிக்க வேண்டும், பெயரையும் வலிமையையும் சரிபார்க்க வேண்டும், அட்டையை எண்ணி வெட்ட வேண்டும், காலாவதி நாளைப் பார்க்க வேண்டும், எப்படிச் சாப்பிடுவது என்றும் சொல்ல வேண்டும்.

இவற்றில் முதலில் விழுவது கடைசியில் உள்ள சொல்தான். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது. டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது. ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலரை இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். இந்த வாக்கியங்களைச் சொல்வதற்காகத்தான் நாங்கள் படித்தோம்; பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகளும், அதன்மேல் 500 மணி நேர நடைமுறைப் பயிற்சியும் அதற்காகத்தான். பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து வழங்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், 42ஆம் பிரிவில் சொல்வதும், நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் பொறுப்பு என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் பணி ஒழுங்குமுறைகள் சொல்வதும் அந்த வாக்கியங்களின் மதிப்பை உணர்ந்துதான்.

மருந்தாளுநரின் சோர்வு உடல் உழைப்பால் மட்டும் வருவதாக நான் நினைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு நாளைக்கு முந்நூறு முறை கையை நீட்டி நீட்டி, தானும் ஒரு சன்னல் கம்பிதான் என்று ஆகிவிடுவதால் வருகிறது. உழைப்பு கூடியபோது தளராத பலர், உழைப்புக்குள் இருந்த பொருள் போனபோது தளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பகுதிக்கென்று தனியான காரணங்கள் உண்டா?

உண்டு. இங்கே நோயாளிக் கூட்டம் நாட்காட்டியைப் பார்த்து வருவதைவிட வயலைப் பார்த்து வருகிறது. மேட்டூர் அணை சூன் 12இல் திறந்து, குறுவை நடவு தொடங்கினால் சேற்றுப்புண், முதுகுவலி, காய்ச்சல் என்று சீட்டுகள் மாறும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காய்ச்சல் கூட்டமும், எலிக்காய்ச்சல் ஐயத்தில் டாக்சிசைக்ளின் எழுதப்பட்ட சீட்டுகளும் கூடும். தை, மாசியில் சம்பா அறுவடையின்போது பாம்புக்கடி வரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட நஞ்சுமுறி மருந்துதான் நம்மிடம் இருப்பது. ஒரே ஆளுக்குப் பத்துக் குப்பிகள் முதலில் வேண்டியிருக்கும், அதற்குமேலும் தேவைப்படலாம். இரவில் ஒரு குடும்பம் அலறிக்கொண்டு வந்து நிற்கும்போது கிடங்கின் இருப்பு எவ்வளவு என்று நெஞ்சுக்குள் எண்ணிப் பார்க்கிற ஆள் மருந்தாளுநர். பூச்சிக்கொல்லி குடித்தவரைக் கொண்டுவரும் இரவுகளும் அப்படித்தான். அந்த நஞ்சுக்கு எதிராகத் தரும் அட்ரோபின் ஊசி ஆம்பூல்கள் பெட்டி பெட்டியாகச் செலவாகும். விடியற்காலையில் அந்த ஆள் பிழைத்தாரா என்று கேட்கக்கூட நேரமில்லாமல் வெளிநோயாளிச் சன்னலைத் திறக்க வேண்டியிருக்கும்.

கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள், ஒரு நாள் வருமானம் போய்விடக் கூடாதே என்று மருத்துவமனை திறக்கும் முன்பே வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய அவசரம் நியாயமானது. அந்த அவசரத்தின் முழுப் பாரமும் மருத்துவரைத் தாண்டி, இரத்தப் பரிசோதனையைத் தாண்டி, கடைசியில் மருந்துச் சன்னலில் வந்து இறங்குகிறது. மருத்துவமனையின் எல்லாத் தாமதங்களுக்கும் ஏச்சு வாங்குகிற இடம் அது.

வேளாங்கண்ணித் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கிறது. தேரோட்டங்களும் கும்பாபிஷேகங்களும் வேறு. ஒவ்வொன்றுக்கும் மருத்துவ முகாம் உண்டு. முகாமுக்கு ஒரு மருந்தாளுநர் போனால் அவருடைய சன்னலை இன்னொருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்சுலினும் பிரசவத்தின்போது தரும் ஆக்ஸிடாசினும் தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. டீசல் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நேரம் ஜெனரேட்டரை ஓட்டி, குளிர்பெட்டியின் வெப்பநிலையை மணிக்கொரு முறை நோட்டில் எழுதிக்கொண்டு நாங்கள் இருவர் மாறி மாறிக் காவல் இருந்தோம். என் வீட்டு ஓடுகள் பறந்து போயிருந்தன. என்னுடன் இருந்தவருடைய தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்து கிடந்தது. அந்தப் பத்து நாட்களில் நாங்கள் சோர்ந்துவிடவில்லை என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன். செய்வதற்கு ஒரு பொருள் இருந்தது. தளர்ச்சி மூன்று மாதம் கழித்து, எல்லாம் பழையபடி ஆன பிறகு வந்தது.

உங்களுக்கே வந்ததா? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்து கொடுக்கும்போது, மாத்திரை உறையின்மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து கொடுப்பது எங்களில் பலருக்கு வழக்கம். எத்தனை மாத்திரையோ அத்தனை கோடு பக்கத்தில் போடுவோம். நானும் பணியில் சேர்ந்த நாள் முதல் வரைந்துகொண்டிருந்தவன். 2019 தொடக்கத்தில் ஒரு நாள், அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், நான் தள்ளிய மாத்திரைகளைக் கையில் ஏந்திக்கொண்டு, "தம்பி, இதுல நிலா எது?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான், நான் வரைவதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகிவிட்டன என்பதும், நிறுத்திவிட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியாது என்பதும் உறைத்தது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. "அடுத்து" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் ஓரமாகப் போய், காவலாளியிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் எரிந்து விழுந்திருந்தால்கூடக் களைப்பு என்று சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்குக் கோபமே வரவில்லை. அவர் முகம் என் கண்ணில் படவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இரண்டாவது கூறு, அதாவது மனம் விலகிப்போவது, சன்னலில் இப்படித்தான் இருக்கும்.

எனக்கும் அப்படியா என்று எதை வைத்துப் பார்ப்பது?

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் உடன் ஆய்வாளரும் 1981இல் வெளியிட்ட வினாத்தாள் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது; அதைக் கற்றவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். என் அனுபவத்தில் வேறு சில அடையாளங்கள் அதைவிட முன்னதாகவே தெரிந்துவிடும். முன்பு வழக்கமாகச் சொன்ன எந்த வாக்கியத்தை இப்போது சொல்வதில்லை என்று யோசித்துப் பாருங்கள். சீட்டின் மருந்துப் பெயரைப் படிக்கிறீர்கள், நோயாளியின் பெயரையும் வயதையும் படிக்கிறீர்களா என்று பாருங்கள். மருத்துவர் எழுதிய அளவு கூடுதலாகத் தெரியும்போது எழுந்துபோய்க் கேட்டவர், இப்போது 'அவர் எழுதினார், நான் கொடுத்தேன்' என்று இருக்கிறீர்களா? இருப்புப் பதிவேட்டை நாள்தோறும் முடித்தவர் சனிக்கிழமை மொத்தமாக எழுதுகிறீர்களா? வீட்டில் யாராவது மாத்திரை பற்றிக் கேட்டால் எரிச்சல் வருகிறதா?

இவற்றில் ஒன்று ஒரு வாரம் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து மாதக்கணக்கில் இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மருந்து இருப்பில் இல்லை என்று சொல்ல நேரும் நாட்களை எப்படித் தாங்குவது?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டு, அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்திலிருந்து கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளின் வழியாக வழங்கிவருகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம் போல ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் எடுத்த மருந்து அதில் பதிவாகும். மருந்தின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே வெளியே அனுப்புவார்கள். பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட அமைப்பு இது. அதில் ஒரு சிறு பங்காக இருந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனாலும் ஒரு மருந்து சில நாட்கள் வராமல் போவது உண்டு. அப்போது 'இல்லை' என்ற சொல்லை இருநூறு பேரிடம் சொல்ல வேண்டியவர் அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர். தவறு என்னுடையது அல்ல என்று அறிவுக்குத் தெரிந்தாலும், எதிரே நிற்பவர் நாற்பது ரூபாய் பேருந்துக் கட்டணம் கொடுத்து வந்தவர் என்பதும் கண்ணுக்குத் தெரியும். அதிகாரம் இல்லாத இடத்தில் பொறுப்பை மட்டும் சுமப்பது மனிதரைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

நாங்கள் ஒரு மருத்துவமனையில் செய்து பார்த்த எளிய ஏற்பாட்டைச் சொல்கிறேன். இருப்பில் இல்லாத மருந்துகளையும் அவற்றுக்குப் பதிலாக இருப்பவற்றையும் ஒரு தாளில் எழுதி, காலை ஏழரைக்கே ஒவ்வொரு மருத்துவர் மேசையிலும் வைத்தோம். மருத்துவரே மாற்று மருந்தை எழுதினார். இல்லாததை அவரே நோயாளியிடம் விளக்கினார். சன்னலில் சண்டை பாதிக்குமேல் குறைந்தது என்றே எனக்குத் தோன்றியது. உள்ளூர்க் கொள்முதலுக்கு அனுமதி உள்ளவற்றுக்கு, இருப்பு தீர்ந்த பிறகு எழுதாமல் இரண்டு வார இருப்பு மிஞ்சும்போதே எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். கேட்ட நாள் தாளில் இருப்பது உங்களுக்கும் ஒரு காப்பு.

கணக்கு, தணிக்கை பற்றிய பயம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

சன்னலில் நின்ற நேரம்தான் வேலை என்று வெளியே தெரிகிறது. பன்னிரண்டரைக்குச் சன்னல் மூடிய பிறகு கிடங்கு திறக்கிறது. வார்டுகளின் தேவைப் பட்டியல்களுக்கு மருந்து பிரிக்க வேண்டும். முதலில் காலாவதியாவதை முன்னுக்கு எடுத்து வைக்க வேண்டும். வந்த பெட்டிகளை எண்ணி இறக்க வேண்டும். பதிவேட்டிலும் கணினியிலும் ஒரே கணக்கை இருமுறை ஏற்ற வேண்டும். மார்பின், பெத்திடின், ஃபென்டனில் போன்ற கடும் வலி மருந்துகளுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி தனிப் பதிவேடும், இரட்டைப் பூட்டு அலமாரியும் உண்டு. அங்கே ஒரு ஆம்பூல் குறைந்தாலும் தூக்கம் போய்விடும்.

முந்நூறு பேருக்கு வேகமாக எண்ணிக் கொடுத்த நாளில் பத்து மாத்திரை கூடக் குறைய ஆவது இயல்பு. ஆண்டு முடிவில் அது தணிக்கையாளர் எழுதும் ஆட்சேபணையாகி, சம்பளத்தில் பிடித்தமாகவும் ஆகலாம். வேகமாகக் கொடு என்று வரிசையும், ஒன்றுகூடப் பிசகாதே என்று பதிவேடும் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. மாதக் கடைசியில் பார்க்காமல், அதிகம் செலவாகும் இருபது மருந்துகளை மட்டும் வாரம் ஒரு நாள் எண்ணிச் சரிபார்த்து, வேறுபாடு இருந்தால் அன்றே தலைமை மருந்தாளுநரின் கையெழுத்தோடு குறித்துவிடுவது நல்லது. நெஞ்சுக்குள் ஒளித்துவைத்த குறை, பதிவேட்டில் எழுதிய குறையைவிடப் பல மடங்கு கனமானது.

சோர்வினால் மருந்து மாறிப்போனால் என்ன செய்வது?

முதலில் நோயாளியைக் கண்டுபிடியுங்கள். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு. நான் மேலே சொன்ன அதே 2019ஆம் ஆண்டில், சீட்டில் 'மெட்' என்று சுருக்கி எழுதியிருந்ததைப் பார்த்து, சர்க்கரைக்கான மெட்பார்மின் 500க்குப் பதிலாகக் கிருமித் தொற்றுக்கான மெட்ரோனிடசோல் 400 கொடுத்துவிட்டேன். இரண்டு பெட்டிகளும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூன்றாம் நாள் அந்த நோயாளியே திரும்பி வந்து, "வாயெல்லாம் இரும்பு மாதிரி கசக்குதுங்க" என்று சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. மெட்ரோனிடசோல் தரும் உலோகச் சுவை அது. மூன்று நாள் சர்க்கரை மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார். சர்க்கரை ஏறியிருந்தது, வேறு தீங்கு நேரவில்லை. மருத்துவரிடம் நானே அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னேன். நோயாளியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார், எனக்குத்தான் பல நாள் ஆயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2017இல், மருந்துகளால் நேரும் தீங்கைக் குறைப்பதை உலகளாவிய இலக்காக அறிவித்தபோது, தனியாளைக் குறை சொல்வதைவிடத் தவறு நடக்கும் வழியை மாற்றுவதையே வலியுறுத்தியது. எங்கள் அறையில் அதன் பொருள் எளிதாக இருந்தது: பெயரோ உறையோ ஒத்திருக்கும் மருந்துகளை வெவ்வேறு தட்டுகளுக்கு மாற்றினோம், தட்டின்மேல் சிவப்பு மையில் பெயர் எழுதினோம், சுருக்கெழுத்துச் சீட்டுகளைக் கேட்காமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து மருத்துவர்களுக்கும் தெரிவித்தோம். மாறிப்போக இருந்து கடைசி நொடியில் தப்பியவற்றை ஒரு நோட்டில், பெயர் போடாமல், எழுதிவைத்தோம். இரண்டே மாதத்தில் எந்தத் தட்டில் தொல்லை இருக்கிறது, எந்த மணிக்குத் தொல்லை வருகிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்தது. பெரும்பாலானவை பதினோரு மணிக்குப் பிறகு நேர்ந்தவை.

யோகா, தியானம் செய்தால் சரியாகிவிடுமா?

உடம்புக்கு நல்லது, செய்யுங்கள். ஆனால் ஒரு சன்னலில் முந்நூறு சீட்டு என்பதை மூச்சுப்பயிற்சி குறைத்துவிடாது. மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் பணிச்சோர்வு முளைக்கும் ஆறு இடங்களைச் சொன்னார்கள்: பணிப்பளு, தன் வேலையில் தனக்குள்ள அதிகாரம், கிடைக்கும் மதிப்பும் பலனும், உடன் இருப்பவர்களின் உறவு, நியாயம், மனத்துக்குச் சரி என்று படுவதும் செய்ய நேர்வதும் ஒத்திருப்பது. இவற்றில் எதுவும் ஊழியரின் மனத்துக்குள் மட்டும் இருப்பது அல்ல. எல்லாம் பணியிடத்தில் இருப்பவை. காலியிடங்களை நிரப்பாமல் மன உறுதிப் பயிற்சி மட்டும் நடத்துவதை நான் ஏற்கவில்லை. 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான் மருந்தாளுநர்களைத் தேர்வு செய்கிறது. ஓய்வு பெறுபவரின் நாள் முன்கூட்டியே தெரியும்; அந்த இடத்துக்கு ஆள் வரும் நாளும் அதையொட்டியே அமைய வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

புதிய ஆள் வரும்வரை, செலவில்லாமல் தலைமை மருந்தாளுநர் என்ன செய்யலாம்?

இது கையில் இருக்கும் அதிகாரத்துக்குள் வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே ஆளைக் காலை முழுவதும் சன்னலில் நிறுத்தாமல், இரண்டு மணிக்கொரு முறை சன்னலுக்கும் உள்வேலைக்கும் மாற்றுங்கள். பத்தரை மணிக்குப் பத்து நிமிடம் தேநீர் இடைவேளையை முறை வைத்துக் கட்டாயமாக்குங்கள். ஒரு சன்னல் பத்து நிமிடம் நின்றால் வரிசை கோபப்படும், ஆனால் பதினோரு மணிக்குப் பிறகு வரும் தவறுகள் குறையும். நாற்காலி ஒன்று போடுங்கள். நின்றுகொண்டுதான் மருந்து கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் ஒரே மருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு சன்னலைத் தனியாக ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை போகும் தகுதி உள்ளவர்கள் வரிசையில் நிற்கிறார்களா என்று கேட்டு, அவர்கள் ஊர்த் தன்னார்வலரிடம் சேர்த்துவிடுங்கள். நான் இருந்த ஓரிடத்தில் இதனாலேயே திங்கட்கிழமை வரிசை கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது.

முகாம் பணியை யார் மறுக்காமல் போகிறாரோ அவருக்கே திரும்பத் திரும்பக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது அநியாயம். பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். யார் எத்தனை முகாமுக்குப் போனார் என்பது எல்லாருக்கும் தெரியட்டும். நல்ல உழைப்பாளிகள்தான் முதலில் தேய்ந்துபோகிறார்கள் என்பதற்கு இந்தப் பட்டியல் இல்லாததும் ஒரு காரணம்.

பெண் மருந்தாளுநர்களுக்கு இது வேறு விதமாக இருக்கிறதா?

பல இடங்களில் ஆம். விடியற்காலை சமைத்துவிட்டு முதல் பேருந்தைப் பிடித்து, அடுத்த ஊரில் சன்னலைத் திறந்து, கழிப்பறை பக்கத்தில் இல்லாததால் நண்பகல்வரை தண்ணீரே குடிக்காமல் நின்ற சகோதரிகளுடன் வேலை செய்திருக்கிறேன். சிறுநீர்த் தொற்றுக்கு அவர்களே மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்தகத்தை ஒட்டி ஒரு கழிப்பறை என்பது எந்த உளவியல் ஆலோசனைக்கும் முந்திய தேவை. வரிசையில் வரும் தகாத பேச்சைத் தனியாளாகச் சமாளிக்கும்படி அவர்களை விட்டுவிடாமல், காவலாளியைச் சன்னல் அருகே நிறுத்துவது கண்காணிப்பாளரின் கடமை.

பணிச்சோர்வுக்கும் மனச்சோர்வு நோய்க்கும் என்ன வேறுபாடு?

பணிச்சோர்வு வேலையைச் சுற்றியே இருக்கும். விடுப்பில் ஊருக்குப் போனால், பேரக்குழந்தையைத் தூக்கினால் கொஞ்சம் தெளியும். எங்கே போனாலும் எதிலும் மகிழ்ச்சி இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, தன்னையே குற்றவாளியாக நினைக்கத் தோன்றுகிறது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்று நீண்டு மற்றொன்றாக ஆவதும் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உரிய மாத்திரைகள் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை நமக்கு நாமே எடுத்துக்கொள்வது, ஊரார் செய்தால் நாம் எவ்வளவு கண்டிப்போமோ அவ்வளவு தவறு.

விடுப்பு எடுக்கவே மனம் கூசுகிறதே?

நான் போனால் உடன் இருப்பவருக்கு இரட்டைச் சுமை என்ற எண்ணம் நல்ல மனத்தின் அடையாளம். அதற்காக ஆண்டு முழுவதும் எடுக்காமல் இருந்து, கடைசியில் ஒரு மாதம் மருத்துவ விடுப்பில் போவது அவருக்கு அதைவிடப் பெரிய சுமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் என்று முன்பே பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வந்தவுடன் அரை மணி நேரம் எதுவும் கேட்காமல் இருங்கள். காலை முழுவதும் கேள்வி கேட்கப்பட்ட காது அது. அவர் முன்பு போல மருத்துவமனைக் கதைகளைச் சொல்வதில்லை என்பதைக் கவனித்தால், அதைக் கோபமின்றி அவரிடமே சொல்லுங்கள். எனக்கு அதை முதலில் சொன்னவர் என் மனைவிதான். "நீங்க இப்பல்லாம் யாரைப் பத்தியும் பேசறதில்லையே" என்றார். அந்த அம்மா நிலாவைக் கேட்டதற்கு ஒரு மாதம் முந்தியே அவர் கவனித்துவிட்டார்.

மருந்து வாங்க வரும் நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். சீட்டோடு பழைய மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள். கையெழுத்து புரியாத இடத்தில் அது பெரிய உதவி. மாத்திரை போட ஒரு துணிப்பை எடுத்து வாருங்கள். வீட்டில் மிஞ்சியிருப்பதைச் சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். எந்த மாத்திரை இரவுக்கு, எது சாப்பாட்டுக்கு முன் என்பதைச் சன்னலை விட்டு நகரும் முன் கேட்டுவிடுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் கேளுங்கள். படிக்கத் தெரியாது என்றால் சூரியனையும் நிலாவையும் வரைந்து தரச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் முகம் கடுகடுப்பாக இருந்தாலும் கேளுங்கள். அந்த அம்மா மறுமாதம் வந்தபோது நான் மன்னிப்புக் கேட்டு, உறையில் பிறையை வரைந்து கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன மாசம் ஒடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார்.